தகுதி நேரம் கையில் இருந்தும் அணியில் இடமில்லை: ஏன், இனி என்ன?

கேள்வி: என் மகள் 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்ட வீராங்கனை, வயது 22. வரவிருக்கும் பன்னாட்டு விளையாட்டு விழாவுக்கு நிர்ணயிக்கப்பட்ட தகுதி நேரத்தை இந்தப் பருவத்தில் இரண்டு முறை எட்டியிருக்கிறாள். தேசியத் தேர்வுப் போட்டியின் இறுதி ஓட்டத்தில் எட்டாவது தடையில் கால் இடறி நான்காவதாக வந்தாள். அறிவிக்கப்பட்ட அணியில் இந்தப் பிரிவுக்கு இருவர் மட்டுமே: ஒருவர் முதலாவதாக வந்தவர், மற்றவர் மூன்றாவதாக வந்தவர். அந்த மற்றவர் தகுதி நேரத்தை ஒருமுறைகூட எட்டியதில்லை. சம்மேளனத்திடம் கேட்டால் ‘ஒட்டுமொத்தச் செயல்பாட்டின் அடிப்படையில் தேர்வு’ என்று ஒற்றை வரியில் பதில் வருகிறது. அப்படியானால் தகுதி நேரம் என்பதற்கு என்னதான் பொருள்? சில நாடுகளிலிருந்து தகுதி நேரத்தின் பக்கத்தில்கூட வராதவர்கள் ஓடப்போவதாகவும் சொல்கிறார்கள். நாங்கள் நீதிமன்றம் போகலாமா?

பதில்:

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் கடிதத்தையும், அதனுடன் இணைத்திருந்த தேர்வு விதிகளையும், இரண்டு ஓட்டங்களின் முடிவுத் தாள்களையும் முழுமையாகப் படித்தேன். கசப்பானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தகுதி நேரத்தை எட்டியதால் உங்கள் மகளுக்கு அணியில் இடம் உறுதியாகிவிடவில்லை. விரும்பினால் அவரை அனுப்பலாம் என்று நாட்டுக்குக் கிடைத்த அனுமதி மட்டுமே அது. தகுதி பெறுவதை ஓர் அமைப்பு தீர்மானிக்கிறது, தேர்ந்தெடுப்பதை வேறோர் அமைப்பு வேறு விதிகளின்படி தீர்மானிக்கிறது. என் மேசைக்கு வரும் தேர்வு வழக்குகளில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் ஒன்றென்று எண்ணியதால் முளைத்தவைதாம்.

ஒலிம்பிக்கை எடுத்துக்கொண்டால் இந்த ஏற்பாடு தெளிவாகத் தெரியும். நீங்கள் அனுப்பியுள்ள ஆவணமும் ஏறத்தாழ அதே வார்ப்பில்தான் இருக்கிறது. ஒவ்வொரு விளையாட்டுக்கும் தகுதி முறையை வகுப்பது அந்த விளையாட்டின் பன்னாட்டுச் சம்மேளனம். அதற்கு ஒப்புதல் தருவது பன்னாட்டு ஒலிம்பிக் குழுவின் நிர்வாகக் குழு. வீரர்களின் பெயரைப் பதிவு செய்யும் உரிமையோ, ஒலிம்பிக் சாசனத்தின்படி, தேசிய ஒலிம்பிக் குழுக்களுக்கு மட்டுமே உரியது. உள்நாட்டுச் சம்மேளனம் பெயரைப் பரிந்துரைக்கும். தேசிய ஒலிம்பிக் குழு அதை ஏற்கலாம், மறுக்கவும் செய்யலாம். வீரர் தாமே போய்ப் பெயர் கொடுப்பதற்கு எங்கும் வழியில்லை. இத்தகைய குழுக்கள் உலகில் 206 இருக்கின்றன; பாரிஸ் 2024க்கு வகுக்கப்பட்ட இடங்களோ மொத்தம் 10,500. இந்த இடநெருக்கடிதான் மற்ற எல்லா விதிகளுக்கும் மூலம்.

உங்கள் மகளின் பிரிவையே பார்ப்போம். பாரிஸில் பெண்கள் 400 மீட்டர் தடை ஓட்டத்துக்கு இருந்த இடங்கள் 40. ஒரு நாட்டிலிருந்து அதிகபட்சம் 3 பேர். தகுதி நேரம் 54.85 விநாடி. அதை 2023 ஜூலை 1 முதல் 2024 ஜூன் 30 வரையிலான ஓராண்டுக்குள் எட்டியிருக்க வேண்டும். நேரத்தை இவ்வளவு கடுமையாக வைத்ததற்குக் காரணம் உண்டு. ஏறத்தாழப் பாதி இடங்கள் மட்டுமே நேரத்தால் நிரம்பட்டும், மீதிப் பாதி உலகத் தரவரிசையின்படி நிரம்பட்டும் என்பதுதான் உலகத் தடகள அமைப்பின் திட்டம். ஆகவே வாசல்கள் இரண்டு. ஒரே நாளில் அபாரமாக ஓடியவர் ஒரு வாசல் வழியாக வருகிறார். ஆண்டு முழுவதும் பெரிய போட்டிகளில் நிதானமாக நல்ல இடங்களைப் பிடித்தவர் மற்றொரு வாசல் வழியாக வருகிறார். உள்ளே வந்துவிட்ட பிறகு இருவருக்கும் மதிப்பு ஒன்றுதான்.

இந்தத் தரவரிசையைச் சற்று விளக்க வேண்டும், ஏனெனில் உங்கள் கோபத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. இந்தப் பிரிவில் ஒருவரின் தரவரிசைப் புள்ளி என்பது அவருடைய சிறந்த 5 ஓட்டங்களின் சராசரி. ஒவ்வோர் ஓட்டத்துக்கும் நேரத்துக்காக ஒரு புள்ளி, அந்தப் போட்டியில் பிடித்த இடத்துக்காக ஒரு புள்ளி. இடப் புள்ளி எவ்வளவு என்பது போட்டியின் தரத்தைப் பொறுத்தது. ஒலிம்பிக்கும் உலகச் சாம்பியன்ஷிப்பும் உச்சியில். கண்டச் சாம்பியன்ஷிப் அதற்குக் கீழே. தேசியச் சாம்பியன்ஷிப் இன்னும் கீழே. சிறிய அழைப்புப் போட்டிகள் அடியில். நீங்கள் அனுப்பிய முடிவுத் தாள்களைப் பார்க்கும்போது, உங்கள் மகள் தகுதி நேரத்தை எட்டிய இரண்டும் ஒரே வாரத்தில், ஒரே மைதானத்தில் நடந்த சிறிய போட்டிகள். தேர்வானவரோ கண்டச் சாம்பியன்ஷிப்பின் இறுதி ஓட்டம் வரை சென்றவர். அவர் பின்வாசலால் நுழைந்தவர் அல்ல; இரண்டாவது வாசலால் நுழைந்தவர். தேர்வுப் போட்டியில் இரண்டாவதாக வந்தவர் விடுபட்டதும் இதே கணக்கினால்தான்: அவரிடம் நேரமும் இல்லை, தரவரிசையும் இல்லை. இதை வைத்து உங்கள் மகளைவிட அவர்தான் சிறந்தவர் என்று நான் சொல்லவில்லை. ‘தகுதியே இல்லாதவரை எடுத்துவிட்டார்கள்’ என்ற வாதம் நிற்காது என்கிறேன்.

வேறு விளையாட்டுகளில் இந்தப் பிரிவினை இன்னும் அப்பட்டமாக இருக்கும். துப்பாக்கி சுடுதல், வில்வித்தை, மல்யுத்தம் ஆகியவற்றில் வெல்லப்படும் கோட்டா இடம் வென்றவருக்குச் சொந்தமே அல்ல, நாட்டுக்குச் சொந்தம். 2015 உலகச் சாம்பியன்ஷிப்பில் 74 கிலோ பிரிவில் வெண்கலம் வென்று ரியோ ஒலிம்பிக்குக்கான இடத்தை இந்தியாவுக்குப் பெற்றுத்தந்தவர் நர்சிங் யாதவ். இரண்டு ஒலிம்பிக் பதக்கங்கள் பெற்றிருந்த சுஷில் குமார், இடம் நாட்டுக்குத்தானே, எங்களுக்குள் ஒரு தேர்வுப் போட்டி வையுங்கள் என்று டெல்லி உயர் நீதிமன்றத்தை நாடினார். 2016 ஜூனில் நீதிமன்றம் அந்த மனுவைத் தள்ளுபடி செய்தது. கோட்டா நாட்டுக்குரியது என்பதை யாரும் மறுக்கவில்லை; ஆனால் அதை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்ய வேண்டியது சம்மேளனம், அந்த முடிவு தான்தோன்றித்தனமாக இல்லாதவரை நீதிமன்றம் உள்ளே நுழையாது என்பதே அதன் சாரம். உங்கள் கடைசிக் கேள்விக்கு வரும்போது இந்த வழக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

உள்நாட்டில் நாடுகள் எப்படித் தேர்ந்தெடுக்கின்றன? ஒரு முனையில் அமெரிக்கத் தடகளம் நிற்கிறது. அங்கே தேர்வுப் போட்டியில் முதல் மூன்று இடங்களைப் பிடித்து, பன்னாட்டுத் தகுதியும் வைத்திருப்பவர் அணியில். நான்காமவர் உலகச் சாம்பியனாகவே இருந்தாலும் வீட்டில். 1992இல், பத்துப் போட்டிகளின் புள்ளிகளைக் கூட்டி வெற்றியாளரைத் தீர்மானிக்கும் டெக்கத்லானின் உலகச் சாம்பியன் டான் ஓ’பிரையன் நியூ ஆர்லியன்ஸில் நடந்த தேர்வுப் போட்டியில் முதல் நாள் முழுக்க முன்னிலையில் இருந்தார். மறுநாள் கோலூன்றித் தாண்டுதலில் தாழ்வான உயரங்களை வேண்டாமென்று விட்டுவிட்டு 4.80 மீட்டரில் தொடங்கினார். மூன்று முயற்சிகளும் தவறின. அந்தப் பகுதியில் அவருக்குக் கிடைத்த புள்ளி பூஜ்யம். பார்சிலோனா பயணம் அத்தோடு முடிந்தது. அவரே 1996இல் அட்லாண்டாவில் தங்கம் வென்றார். எட்டாவது தடையில் இடறிய உங்கள் மகளுக்கு இந்த வரலாறு ஆறுதலாக இருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவர் தனியாக இல்லை.

இந்த முறையில் ஒரு நேர்மை இருக்கிறது: யாருடைய முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. அதன் குரூரமும் அதுவேதான். ஆஸ்திரேலிய நீச்சலில் 2004 மார்ச்சில் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். 400 மீட்டர் ஃப்ரீஸ்டைலின் உலகச் சாதனையாளரும் நடப்பு ஒலிம்பிக் சாம்பியனுமான இயன் தோர்ப், தொடக்க மேடையில் நிலை தடுமாறிச் சமிக்ஞைக்கு முன்பே தண்ணீரில் விழுந்து தகுதியிழந்தார். நீச்சலில் ஒரு பிரிவுக்கு ஒரு நாட்டுக்கு 2 இடங்கள்தாம். இரண்டாமிடம் பிடித்த கிரெய்க் ஸ்டீவன்ஸ் பிறகு தம் இடத்தை விட்டுக்கொடுத்தார். தோர்ப் ஏதென்ஸில் அதே பிரிவில் தங்கம் வென்றார். விதியால் சரிசெய்ய முடியாததை ஒரு மனிதர் சரிசெய்ய வேண்டியிருந்தது. அவர்மீது எவ்வளவு அழுத்தம் விழுந்திருக்கும் என்பதை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு.

மறுமுனையில் முழுக்க முழுக்கக் குழுவின் விருப்புரிமை. ஜப்பானிய மாரத்தான் நெடுங்காலம் அப்படித்தான் இருந்தது. வெவ்வேறு நகரங்களில், வெவ்வேறு வெயிலிலும் காற்றிலும் ஓடப்பட்ட பந்தயங்களை ஓர் அறையில் உட்கார்ந்து ஒப்பிட்டு மூவரைத் தேர்ந்தெடுப்பார்கள்; ஒவ்வொரு முறையும் சர்ச்சை எழும். அந்தத் தொல்லை தாங்காமல்தான் 2019 செப்டம்பர் 15 அன்று தகுதி பெற்றவர்களை எல்லாம் ஒரே பந்தயத்தில் ஓடவைத்தார்கள். முதல் இருவருக்கு டோக்கியோ இடம் அங்கேயே உறுதியானது. மூன்றாவது இடத்தை மட்டும், அதன்பின் நடக்கும் குறிப்பிட்ட பந்தயங்களில் முன்கூட்டியே அறிவித்த நேரத்தைவிட வேகமாக ஓடுபவருக்கென்று திறந்து வைத்தார்கள். அன்று மூன்றாவதாக வந்த சுகுரு ஒசாகோ, 2020 டோக்கியோ மாரத்தானில் 2 மணி 5 நிமிடம் 29 விநாடியில் ஓடி அந்த இடத்தைப் பிடித்தார். எனக்குத் தெரிந்த தேர்வு முறைகளில் இதையே நான் மிகவும் மதிக்கிறேன்: ஒரு நாள் சறுக்கியவருக்கும் வழி வைத்திருக்கிறது, அந்த வழியின் அகலத்தையும் முன்பே எழுதி வைத்திருக்கிறது.

பன்னாட்டு விதி அனுமதித்தாலும் தம் சொந்த விதியால் தடுக்கும் நாடுகளும் உண்டு. நியூஸிலாந்தின் ஒலிம்பிக் குழு, முதல் 16 இடங்களுக்குள் வரக்கூடியவரா, முதல் 8 இடங்களுக்குள் வரும் வாய்ப்பு உள்ளவரா என்று பார்க்கும். நெதர்லாந்தும் முதல் 8 என்ற அளவுகோலை வைத்திருக்கிறது. இதனால் முறையாகக் கிடைத்த இடங்களே நிரப்பப்படாமல் போவதுண்டு. செலவுக் கணக்கு எனக்குப் புரிகிறது. ஆனால் காலியாகத் திருப்பி அனுப்பப்படும் ஓர் இடத்தால் அந்த நாட்டின் விளையாட்டுக்கு என்ன லாபம் என்பது இத்தனை ஆண்டுகளாகியும் எனக்குப் புரியவில்லை. உங்கள் நாட்டு விதிகளிலும் ஒரு பிரிவுக்கு இரண்டே பேர் என்ற வரம்பு இப்படித்தான் வந்திருக்கிறது. மூன்றாவது இடத்துக்குப் பன்னாட்டு அனுமதி இருந்தும் உள்நாட்டு விதி அதை அடைத்துவிட்டது. இது அநியாயமாகத் தோன்றலாம். ஆனால் பருவம் தொடங்குமுன்பே வெளியிடப்பட்ட விதி என்பதால் இப்போது இதை எதிர்த்துப் பயனில்லை.

தகுதி நேரத்தின் பக்கத்தில்கூட வராதவர்கள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவர்கள் உங்கள் மகளின் இடத்தை எடுத்துக்கொள்ளவில்லை. அனைத்து நாடுகளும் பங்கேற்க வேண்டும் என்பதற்காகத் தனியாக ஒதுக்கப்படும் இடங்கள் அவை. பாரிஸ் தடகளத்தில், தகுதி பெற்றவர் யாருமே இல்லாத நாடுகளுக்காக இந்த ஏற்பாடு இருந்தது. அதுவும் 100 மீட்டர், 800 மீட்டர், மாரத்தான் ஆகியவற்றில் மட்டும். இத்தகைய இடத்தில் வந்தவர்தான் 2000 சிட்னியில் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் நீந்திய எக்குவடோரியல் கினியின் எரிக் முசாம்பானி. அவருடைய தகுதிச் சுற்றில் மற்ற இருவரும் முந்திக் குதித்துத் தகுதியிழக்க, தன்னந்தனியாக நீந்தி 1 நிமிடம் 52.72 விநாடியில் முடித்தார். அவர் நீச்சல் கற்கத் தொடங்கியே சில மாதங்கள்தாம் ஆகியிருந்தன. இதைக் கேலி செய்பவர்கள் உண்டு. விளையாட்டு விழாவுக்கும் உலகச் சாம்பியன்ஷிப்புக்கும் ஒரு வேறுபாடு வேண்டும் என்று கருதுபவன் நான்.

இனி, நீதிமன்றம் போகலாமா என்ற கேள்வி. நேரடியாக வேண்டாம். உங்கள் தேர்வு விதிகளில் உள்மேல்முறையீட்டுக்கு வழி இருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் வெளியே போனால், முதல் நாளே ‘அங்கே ஏன் போகவில்லை’ என்று கேட்பார்கள். அந்த விதியில் கெடு அறிவிப்பிலிருந்து 5 நாட்கள் என்று இருக்கிறது. உங்கள் கடிதத்தில் உள்ள தேதியை வைத்துப் பார்த்தால் இரண்டு நாட்கள் கழிந்துவிட்டன. ஆகவே இந்தப் பதிலைப் பதிவேற்றுவதற்கு முன்பே உங்களுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

மேல்முறையீட்டில் ‘என் மகள் சிறந்தவள்’ என்று ஒரு வரிகூட எழுதாதீர்கள். யார் சிறந்தவர் என்று தீர்மானிக்க எந்த மேல்முறையீட்டுக் குழுவும் விரும்பாது. தேர்வுக்குழு தன் விதியைத் தானே பின்பற்றியதா என்பதை மட்டும் கேளுங்கள். உங்களிடம் இருக்கும் வலுவான பிடி இதுதான்: தேர்வுப் போட்டியில் வென்றவருக்கு முதல் இடம் தானாகவே உண்டு, இரண்டாம் இடத்துக்கு, பருவத்தின் சிறந்த நேரம், தேர்வுப் போட்டியில் பெற்ற இடம், போட்டியாளர்கள் நேருக்கு நேர் ஓடிய முடிவுகள் ஆகிய மூன்றையும் குழு ‘கருத்தில் கொள்ளும்’ என்று விதி சொல்கிறது. ‘கருத்தில் கொள்ளலாம்’ என்று எழுதியிருந்தால் நான் உங்களுக்கு வேறு பதில் எழுதியிருப்பேன். சம்மேளனத்தின் ஒற்றை வரிப் பதிலில் இந்த மூன்றும் பரிசீலிக்கப்பட்டதற்கான தடயமே இல்லை. தரவரிசை என்ற சொல்லே அந்த விதியில் இல்லை என்பதையும் சுட்டிக்காட்டுங்கள்: தரவரிசை பன்னாட்டு வாசலைத் திறக்கும், ஆனால் உள்நாட்டு விதியில் சொல்லப்படாத ஓர் அளவுகோலை வைத்து ஒருவரை மற்றவருக்கு மேல் வைக்க முடியுமா என்பது கேட்க வேண்டிய கேள்வி. கூட்டக் குறிப்பையும் காரணங்களையும் எழுத்தில் கேளுங்கள்.

எழுதப்பட்ட வாக்கு எவ்வளவு எடையுள்ளது என்பதற்கும், எழுதப்படாதது எவ்வளவு சங்கடம் தரும் என்பதற்கும் முன்னுதாரணங்கள் உண்டு. 1996இல் ஆஸ்திரேலிய மிதிவண்டி வீராங்கனை கேத்தி வாட்டுக்கு ஒரு பிரிவில் இடம் உறுதி என்று சொல்லிவிட்டுப் பிறகு வேறொருவருக்குக் கொடுத்தபோது, விளையாட்டுத் தகராறுகளுக்கான பன்னாட்டு நடுவர் தீர்ப்பாயம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 2012 அமெரிக்கத் தேர்வுப் போட்டியில் ஆலிசன் ஃபீலிக்ஸும் ஜெனிபா டார்மோவும் 100 மீட்டரில் மூன்றாவது இடத்துக்கு 11.068 விநாடி என்று ஆயிரத்தில் ஒரு பங்குகூட வேறுபாடில்லாமல் வந்தார்கள். சமனானால் என்ன செய்வது என்று சம்மேளனத்தின் விதியில் ஒன்றுமே இல்லை. அவசரமாக விதி எழுதி மறுஓட்டம் அறிவித்தார்கள், டார்மோ விலகிக்கொண்டார்.

வெற்றி வாய்ப்பு எவ்வளவு என்று நீங்கள் நிச்சயம் கேட்பீர்கள். பாதிக்கும் குறைவு என்பது என் மதிப்பீடு. வென்றாலும், பெரும்பாலும் ‘விதிப்படி மீண்டும் பரிசீலியுங்கள்’ என்றுதான் உத்தரவு வரும். அதே குழு, இம்முறை முறையான காரணங்களுடன், அதே பெயரை மீண்டும் எழுதலாம். தேர்வான பெண்ணையும் இந்த மேல்முறையீட்டில் ஒரு தரப்பாகச் சேர்க்க வேண்டியிருக்கும். அவர் எந்தத் தவறும் செய்யவில்லை. அவரைப் பற்றிய சொற்களில் கண்ணியம் காக்குமாறு தனியாகவே கேட்டுக்கொள்கிறேன்.

மேல்முறையீட்டோடு சேர்த்து, உங்கள் மகளை மாற்று வீராங்கனையாக அறிவிக்கும்படியும் கோருங்கள். காயத்தால் இடம் காலியாவது எங்கும் நடப்பதுதான். அப்போது பட்டியலில் பெயர் இருப்பவரைத்தான் கூப்பிடுவார்கள். அதுவரை காகிதங்கள் பழுதில்லாமல் இருக்க வேண்டும். டோக்கியோவில் நைஜீரியாவின் 10 தடகள வீரர்கள், போட்டிக்கு முந்தைய பத்து மாதங்களில் முன்னறிவிப்பில்லாத மூன்று ஊக்கமருந்துப் பரிசோதனைகள் நடந்திருக்க வேண்டும் என்ற விதி நிறைவேறாததால் ஓடவே முடியாமல் போனார்கள். அதே நாட்டின் ஃபேவர் ஓஃபிலி, தகுதி பெற்றிருந்தும் தம் பெயரைப் பதிவு செய்ய அதிகாரிகள் தவறியதால் பாரிஸில் 100 மீட்டர் ஓடவில்லை. என்னிடம் வந்த ஒரு நீளம் தாண்டும் வீரரின் கதை இன்னும் சிறியது. அவர் தகுதித் தூரத்தைத் தாண்டிய போட்டியின் முடிவுத் தாளைக் கையில் வாங்கிப் பார்த்தேன்: பெயர், எண், தூரம் எல்லாம் அழகாகத் தட்டச்சாகியிருந்தன, காற்றின் வேகம் எழுத வேண்டிய கட்டம் மட்டும் வெள்ளையாக இருந்தது. விநாடிக்கு 2 மீட்டரைத் தாண்டாத காற்று என்று காட்ட முடியாத தாண்டல் கணக்கில் வராது. உங்கள் மகளின் பிரிவுக்குக் காற்று அளவை தேவையில்லை. ஆனால் அவர் ஓடிய அந்த இரண்டு சிறிய போட்டிகளும் உலகத் தடகள அமைப்பின் நாட்காட்டியில் உரிய காலத்தில் பதிவானவையா, முடிவுகள் மின்னணு நேரப்பதிவுடன் ஏற்றுக்கொள்ளப்பட்டவையா என்பதை இன்றே சரிபாருங்கள். அதில் ஓட்டை இருந்தால், எதிர்த்தரப்பு முதலில் அங்கேதான் கைவைக்கும்.

கடைசியாக ஒன்று. நீங்கள் அனுப்பிய வரைவு மனுவின் அடியில் உங்கள் கையெழுத்து இருக்கிறது. உங்கள் மகளுக்கு 22 வயது. விதிப்படி மேல்முறையீடு செய்யும் உரிமை வீராங்கனைக்கு மட்டுமே உண்டு. மனுவை அவர் பெயருக்கு மாற்றி, அவரிடமே கொடுத்து, படித்துப் பார்த்துக் கையெழுத்திடச் சொல்லுங்கள். அவர் வேண்டாம் என்று சொன்னால் அனுப்பாதீர்கள்.